ஒரு சொல்லுக்காக மூன்று வாரம்

"உங்களுக்கு எந்தச் சிகிச்சை அளிக்கப்படும் என்பது சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்கப்படும்." இந்த ஒரு வாக்கியத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். எழுதுவேன், அடிப்பேன், வேறு மாதிரி எழுதுவேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் அதுவும் பிடிக்காது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. படித்துப் பார்த்த யாருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான் குறை.

வேலை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுக் குழு, ஆய்வில் சேர அழைக்கப்படும் நோயாளிகளுக்குக் கொடுக்கிற தகவல் தாளை எளிய தமிழில் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. நண்பர் ஒருவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். எந்தப் பல்கலைக்கழகம், எந்த மருந்து என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. கேள்வியை மட்டும் சொல்கிறேன். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று வந்து காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை 14 நாள் கொடுப்பது அங்கே வழக்கம்; 7 நாள் போதுமா? புது மருந்து இல்லை, புது ஊசி இல்லை. பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது என்ற கேள்வி.

என் கைக்கு வந்த பழைய தாள் 19 பக்கம். யாரோ ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். 'பங்கேற்பாளராகிய தாங்கள் எந்நேரத்திலும் காரணம் எதுவும் தெரிவிக்காமல் விலகிக்கொள்ளும் சுதந்திரம் உடையவராவீர்கள்' என்று ஒரு வரி. காய்ச்சலோடு படுத்திருக்கும் மனிதர் இதைப் படித்து முடிப்பதற்குள் காய்ச்சலே இறங்கிவிடும். இரண்டு நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

சோதனையும் போலியும்

முதல் இடறல் தலைப்பிலேயே வந்தது. கிளினிக்கல் ட்ரையல் என்பதை மருத்துவச் சோதனை என்று எழுதியிருந்தார்கள். சோதனை என்ற சொல்லைத் தமிழில் எதற்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து பீரோவைக் குடைவது சோதனை. அடிமேல் அடி விழும்போது "இது என்ன சோதனை" என்று வானத்தைப் பார்த்துக் கேட்பதும் சோதனை. நோயோடு கிடப்பவரிடம் போய் "உங்களை ஒரு சோதனையில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால், "ஏற்கெனவே அதிலதான் இருக்கேன்" என்பார். பரிசோதனை என்று மாற்றினால் ரத்தம், சிறுநீர் எடுத்து லேபுக்கு அனுப்புவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் 'ஆய்வு' என்ற சொல்லில் போய் நின்றேன். அதுவும் கச்சிதமான சொல் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் யார் மனத்திலும் எலி வந்து நிற்பதில்லை.

அடுத்தது பிளாசிபோ. பாடப்புத்தகத் தமிழில் மருந்துப்போலி. நல்ல சொல்தான், எனக்கே பிடிக்கும். ஆனால் நான் படித்துக் காட்டிய முதல் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, "போலி மருந்து கொடுப்பாங்களா? அதை இப்படி வெளிப்படையா வேற எழுதிக் கொடுக்குறாங்களா?" என்றார். இரண்டு சொல் இடம் மாறிவிட்டால் ஆய்வு குற்றமாகிவிடுகிறது! போலி மருந்து என்றால் ஆளைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டிய விஷயம். மருந்துப்போலியை அடித்துவிட்டு 'மருந்து எதுவும் சேர்க்காத மாத்திரை' என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் யாரும் பதறவில்லை.

மருந்தே இல்லாத மாத்திரை எதற்கு, ஏழாம் நாள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதாதா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஆய்வை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த சிஸ்டர்தான் விளக்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தவருக்கு எட்டாம் நாள் லேசாக இடுப்பு வலித்தாலும் பயம் வரும், தேடிக்கொண்டு வருவார். முழுசாகச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் அதே வலியைக் கண்டுகொள்ள மாட்டார். மருத்துவரும் மனிதர்தானே. 7 நாள் ஆளை இன்னொரு தடவை சோதித்துப் பார்ப்பார், 14 நாள் ஆளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். கடைசியில் கணக்கில் வந்து நிற்பது மருந்தின் வேலையா, நினைப்பின் வேலையா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அதனால் முதல் வாரம் எல்லோருக்கும் உண்மையான மருந்து. இரண்டாம் வாரம் பாதிப் பேருக்கு அதே மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, அதே பட்டையில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது. பட்டியல் வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருக்கும். யாருக்காவது உடம்பு மோசமாகிவிட்டால் நடுராத்திரி ஆனாலும் அதைத் திறந்து பார்க்க ஏற்பாடு உண்டு.

அப்புறம்தான் அந்த வாக்கியம். சமவாய்ப்பு. ஆங்கிலத்தில் ரேண்டம் என்பதற்கு வைத்திருக்கும் சொல். 'சம வாய்ப்பு' என்று நடுவில் இடைவெளி விட்டால் வேலைவாய்ப்பு விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. 'எழுமாற்று' என்று ஒரு சொல் இருக்கிறது. பழகியவர்களுக்கு நல்லது, என் வாசகருக்கு அது எந்த மொழி என்றே தெரியாது. 'தற்செயலாக' என்று போட்டுப் பார்த்தேன். "தற்செயலாவா மருந்து கொடுப்பாங்க?" என்றது வீட்டிலிருந்து ஒரு குரல். 'கணினி முடிவு செய்யும்' என்று எழுதியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் கிளறிப் பார்த்தால்தான் வினை தெரிந்தது. கணினி நம் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்து, நமக்கு எது பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். புரியாத வாக்கியத்தைவிட இது மோசம். ஆய்வில் நடக்கப்போவதற்கு நேர் எதிரான ஒன்றை நம்பிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

மிச்சமிருந்தது குலுக்கல். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது யாருக்குத்தான் தெரியாது? எழுதினேன். ஆய்வுக் குழுவுக்குப் பிடித்திருந்தது. ஆய்வு நியாயமாக நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலிருந்து தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில், 'ஆய்வின் கண்ணியத்துக்கு ஏற்ற சொல்லைப் பயன்படுத்தவும்' என்று ஒரு குறிப்பு. எனக்குக் கோபம் வந்தது. கண்ணியமான சொல் புரியவில்லை, புரிகிற சொல் கண்ணியமாக இல்லை என்றால் நான் என்ன செய்வது? ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. அது எனக்கு உடனே தெரியவில்லை.

குலுக்குகிறவருக்கே தெரியாது

தாளை அங்கீகரிப்பதற்கு முன் நாலு பேருக்குப் படித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். புரிந்ததா என்று கேட்கவே கூடாது என்றார் சிஸ்டர். புரிந்ததா என்றால் எல்லோரும் புரிந்தது என்பார்கள், அது மரியாதை. "வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்க வேண்டுமாம்.

முதலில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. வரி பிசகாமல் ஒப்பித்தார். "சரி, எதுக்காகக் குலுக்கல்?" என்று கேட்டதும் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அடுத்த இரண்டு பேரும் அரைகுறை. நான்காவதாக வந்தவர் வார்டில் கணவருக்குத் துணையாக இருந்த ஓர் அம்மா. எழுபதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. அதன் காதை இரண்டு சுற்றுச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படிக்கத் தெரியாது, நீயே படி தம்பி என்றார். படித்தேன். குலுக்கல் வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"குலுக்கல்ல நமக்கு விழலைன்னா?"

இதுதான் அந்தச் சிவப்பு வட்டத்தின் நியாயம். குலுக்கல் என்றதும் பரிசு ஞாபகம் வருகிறது. விழுந்தவர் அதிர்ஷ்டசாலி, விழாதவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர். நான் எழுதிய தாள், ஒரு பாதிக்கு நல்லது நடக்கும், இன்னொரு பாதி ஏமாறும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எது பரிசு என்று இன்னும் தெரியாது என்பதை எங்கேயும் சொல்லவே இல்லை. பதினோராம் பக்கத்தில், 'இரண்டு சிகிச்சைகளில் எது மேலானது என்பது குறித்து நிச்சயமின்மை நிலவுகிறது' என்று பழைய வரி ஒன்று கிடந்தது. அதை நான் தொடாமலே விட்டிருந்தேன். பின்னணித் தகவல்தானே என்ற அசட்டை.

தாளைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பார்த்தேன். சில டாக்டர்கள் 14 நாள்தான் சரி என்கிறார்கள், சிலர் 7 நாளே போதும் என்கிறார்கள். கூடுதல் நாள் சாப்பிட்டால் நோய் திரும்பாமல் இருக்கலாம். வயிற்றுப்போக்கு மாதிரி வேறு தொல்லை வரலாம், கிருமிக்கும் மருந்து பழகிப்போகலாம். எது சரி என்று இவர்களுக்கே தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பையின் காதைச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பரிசு எந்தச் சீட்டுல இருக்குன்னு குலுக்குறவனுக்கே தெரியாது. தெரிஞ்சா குலுக்க மாட்டான், எடுத்துக் கொடுத்துடுவான். அதானே சொல்ற?"

அதானே. சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் சிஸ்டரைப் பார்த்தேன். ஆய்வு நெறிமுறைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான்: ஒரு சிகிச்சை இன்னொன்றைவிட மேல் என்று தெரிந்துவிட்டால், அதற்குமேல் சீட்டுப் போட்டு ஆளைப் பிரிக்க யாருக்கும் உரிமை இல்லை. உண்மையாகவே தெரியாமல் இருக்கும்வரைதான் குலுக்கலுக்கு நியாயம். நான் 19 பக்கத்தில் சொல்லத் தவறியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"இருந்தாலும் டாக்டர் ஆளைப் பார்த்து, இவனுக்கு ஏழு, இவனுக்குப் பதினாலுன்னு பிரிச்சுக் கொடுக்கலாமே? எதுக்குச் சீட்டு?"

இதற்கும் அன்றைக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன். நல்ல மனசுள்ள மருத்துவர் ஆளைப் பார்த்துப் பிரித்தால் என்ன செய்வார்? தள்ளாடி வருகிறவருக்கு 14 நாள், தெம்பாக நடந்து வருகிறவருக்கு 7 நாள் கொடுப்பார். முடிவில் 7 நாள் கோஷ்டி நன்றாகத் தேறியிருக்கும். மருந்தால் தேறவில்லை, அவர்கள் வரும்போதே தெம்பாக வந்தவர்கள். மருத்துவரின் கருணையே கணக்கைக் கெடுத்துவிடும். 1940களில் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை வைத்து ஆய்வு நடந்தபோது, ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் இதற்காகவே யார் எந்தப் பக்கம் என்பதைச் சீரற்ற எண்களை வைத்துத் தீர்மானித்து, மூடிய உறைகளில் போட்டு அனுப்பினார். நோயாளி சேர்ந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். பிற்காலத்தில் வேறு ஆய்வுகளில் உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே இருப்பதைப் படிக்கப் பார்த்த மருத்துவர்களும் உண்டு. தன் நோயாளிக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற தவிப்புதான். இப்போது உறையை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் கணினியிடம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு அளவில் சின்னது. 107 பேர், 55 பேருக்குப் படுக்கை ஓய்வும் மருந்தும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948ல் முடிவு வெளிவந்தது. ஆய்வு நடந்தபோது பிரிட்டனிடம் எல்லோருக்கும் கொடுக்க மருந்து கையிருப்பு இல்லை. இருந்ததைச் சீட்டுப் போட்டுக் கொடுத்ததில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. ஓய்வு மட்டும் பெற்ற அந்த 52 பேருக்கும் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது. யாரும் சொல்லவில்லை. நவீன ஆய்வுகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று கொண்டாடப்படும் ஆய்வில், நான் மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தாளே கிடையாது.

சரி, இதெல்லாம் மருந்து விழுந்தவர் பிழைத்த கதை, பரிசுக் குலுக்கல் மாதிரிதானே என்று கேட்பீர்கள். இன்னொன்று இருக்கிறது. தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. மூளை வீக்கம் வடியும், ஆகவே பிழைப்பார்கள் என்பது காரணம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஒருங்கிணைத்து நடத்திய கிராஷ் என்ற ஆய்வு இதைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தது. 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். நடுவில் கணக்கைப் பார்க்க ஒரு தனிக் குழு வைத்திருப்பார்கள். ஆய்வு நடத்துகிறவர்களுக்கே தெரியாத எண்களை அது மட்டும் பார்க்கும். அந்தக் குழு சொன்னதன்பேரில் 10,008 பேரோடு 2004ல் ஆய்வை நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 17.9 சதவீதம். குலுக்கலில் 'விழாதவர்கள்'தான் அதிகம் பிழைத்தார்கள்.

நூற்றுக்கு மூன்று பேர். ஒரு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாலும் கண்ணில் படாத வித்தியாசம். அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஊசி போட்டு எழுந்து நடந்து போனவர்கள்; இறந்தவர்கள் அடிபட்டதால் இறந்தார்கள் என்றே நினைத்திருப்பார். "எங்க மாமாவுக்கு அந்த மருந்து நல்லாக் கேட்டுச்சு" என்று நாம் சொல்வதும் இதே ரகம். மாமாவுக்கு மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்க இன்னொரு மாமா இல்லை. ஆய்வு செய்வது அதைத்தான்: சராசரியில் ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான மாமாக்களை இரண்டு பக்கமும் நிறுத்திவைப்பது.

இந்தக் கேள்வி யாருக்கு வேண்டும்

அந்த அம்மா கேட்காமல், நானே கேட்டுக்கொண்டது ஒன்று. மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா என்று கேட்பதில் யாருக்கு லாபம்? கம்பெனிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. புது மருந்தைக் கண்டுபிடித்து, மனிதரிடம் கட்டம் கட்டமாகக் கொடுத்துப் பார்த்துச் சந்தைக்குக் கொண்டுவரும் செலவு பெரியது. அதை அவர்கள்தான் ஏற்கிறார்கள். அந்த முதல் கட்டம், மூன்றாம் கட்டம் எல்லாம் கொரோனா தடுப்பூசி காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதால் இங்கே விளக்கவில்லை. ஆனால் காப்புரிமை முடிந்த பழைய மருந்தை வேறு நோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமா, பாதி நாள் கொடுத்தால் போதுமா, கொடுக்காமலே விடலாமா என்பதெல்லாம் விற்பனையைக் கூட்டாத கேள்விகள். அவற்றைக் கேட்க ஆள் வேண்டுமென்றால் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு நிறுவனமோதான். ஒரு வகை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தை 12 மாதம் கொடுத்தே ஆக வேண்டுமா, 6 மாதம் போதாதா என்று சுமார் 4,000 பெண்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் நடத்தியது. 6 மாதம் பின்தங்கவில்லை என்று 2019ல் வந்தது முடிவு. ரத்தத்தில் கிருமி பரவியவர்களுக்கு ஆன்டிபயாடிக் 7 நாளா 14 நாளா என்று 7 நாடுகளில் 3,608 பேரைச் சேர்த்த பேலன்ஸ் ஆய்வின் முடிவு 2024ல் வெளியானது. 90 நாளில் இறந்தவர்கள் 7 நாள் பக்கம் 14.5 சதவீதம், 14 நாள் பக்கம் 16.1 சதவீதம். குறைத்ததால் கெடுதல் இல்லை. எங்கள் ஆய்வுக்கு இது தூரத்துச் சொந்தம்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 2020ல் கொரோனா நோயாளிகளிடம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரெக்கவரி ஆய்வு. மார்ச்சில் முதல் நோயாளியைச் சேர்த்தார்கள், ஜூன் பாதியில் டெக்ஸாமெத்தசோன் முடிவைச் சொல்லிவிட்டார்கள். மூலைக்கு மூலை கிடைக்கும் பழைய மலிவு மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு என்று அப்போது அறிவித்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் 'டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும்' என்ற மூன்று சொல்தான் ஊரெல்லாம் பரவியது. யாருக்கு, எப்போது என்ற பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. எளிமையாகச் சொல்வதில் இருக்கும் ஆபத்து அது. அதை நினைத்தால் எனக்கு என் தாளைப் பற்றியே பயம் வந்தது.

யாருக்குப் பலன் என்று கூறுபோட்டுக்கொண்டே போவதும் ஆபத்துதான். 1988ல் இதே ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்த்து, இறப்பு நன்றாகக் குறைகிறது என்று கண்டார்கள். இந்த வயதுக்காரருக்கு எப்படி, அந்த வகைக்கு எப்படி என்று பிரித்துக் காட்டச் சொல்லி ஆய்விதழ்த் தரப்பிலிருந்து கேட்டபோது, கூடவே பிறந்த ராசிப்படியும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்! மிதுன ராசிக்கும் துலாம் ராசிக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை. (பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேற்கத்திய ராசி, உங்கள் ஜாதகத்தை எடுக்க வேண்டாம்.) சின்னச் சின்னக் கூறாக வெட்டினால் இப்படித்தான் தாறுமாறாக எதையாவது காட்டும் என்பதைச் சொல்லாமல் சொன்ன குறும்பு அது.

பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் சுத்தம் என்றும் நினைத்துவிட வேண்டாம். எனக்கும் முதலில் அந்த மயக்கம் இருந்தது. லாபநோக்கம் இல்லாதவர்கள், தப்பு செய்ய மாட்டார்கள் என்று. 2018ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கணக்கைப் படித்ததும் அது தெளிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேட்டில் இருக்கும் ஆய்வுகளில் எத்தனை பேர் விதிப்படி முடிவைப் பதிவேற்றியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கம்பெனிகள் நடத்தியவற்றில் 68 சதவீதம். பல்கலைக்கழகம் போன்ற வணிகம் சாராதவர்கள் நடத்தியவற்றில் 11 சதவீதம். ஏமாற்றும் எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. நிதி முடிந்துபோகும், பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போவார், முடிவு சுவாரசியமாக இல்லாவிட்டால் எழுத ஆள் இருக்காது. ஆனால் உடம்பைக் கொடுத்தவருக்கு இந்தக் காரணங்களால் என்ன ஆகப்போகிறது?

இன்னொரு சங்கடமும் உண்டு. பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆய்வுக்குக் கூப்பிடுகிறவரும் உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவரும் பல நேரம் ஒரே ஆள். நேற்று ராத்திரி காய்ச்சலைத் தணித்தவர் இன்று காலை ஒரு தாளை நீட்டினால் எப்படி மாட்டேன் என்பது? சேர்ந்தவர்களும், டாக்டர் எனக்கு எது நல்லதோ அதைத்தான் செய்வார் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆய்வு வேறு, வைத்தியம் வேறு என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. 1980களிலேயே மனநல ஆய்வாளர்கள் இதைக் கவனித்து, தனியாகப் பெயரும் வைத்தார்கள். அந்த 'கணினி முடிவு செய்யும்' வரிக்குத் தலையாட்டியவர்கள் எல்லோரும் இந்த வகைதான்.

மறுத்தாலும் பாதிக்காது

திரும்ப அந்த அம்மாவிடம் வருகிறேன். மீதிப் பக்கங்களையும் படித்துக் காட்டினேன். 'நீங்கள் இதில் சேர மறுத்தாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை எந்த வகையிலும் பாதிக்கப்படாது' என்ற வரி வந்தது. எந்தத் தகவல் தாளிலும் இருந்தே தீர வேண்டிய வரி. அவர் சிரித்தார்.

"பாதிக்காது, பாதிக்காதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களே. அப்ப எங்கியோ யாருக்கோ பாதிச்சிருக்கு."

பாதித்திருக்கிறதுதான். அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932லிருந்து 1972 வரை சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பினத்தவரை, வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தியமே பார்க்காமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1940களிலேயே பெனிசிலின் வந்துவிட்டது. அதையும் கொடுக்கவில்லை. நடத்தியது கம்பெனி இல்லை, அரசின் பொதுச் சுகாதாரத் துறை. ஒரு கல்லூரியும் கூட இருந்தது. நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணைக்குப் பிறகு, மனிதரை வைத்து ஆய்வு செய்வதற்கு எல்லை வகுத்து 1947ல் வந்த நூரம்பர்க் விதிகளும், 1964ல் வந்த ஹெல்சிங்கி பிரகடனமும் அமலில் இருந்த காலத்திலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. என் தாளில் இருக்கும் ஒவ்வொரு சலிப்பூட்டும் வரிக்குப் பின்னாலும் இப்படி யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கிறது. அந்த வரியைச் சுருக்குவதற்கு முன் இப்போதெல்லாம் கொஞ்சம் யோசிக்கிறேன்.

அவருக்கு டஸ்கீகி கதையைச் சொல்லவில்லை. "ஆமாம்மா, முன்னாடி நடந்திருக்கு, அதனாலதான் எழுதுறாங்க" என்றேன். "அப்ப அதையே எழுதேன்" என்றார். எழுதினேன். ஒரே ஒரு வரி. நெறிமுறைக் குழு அதை எடுத்துவிட்டது.

குலுக்கல் விஷயத்தில் மட்டும் அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பதினோராம் பக்கத்துச் சங்கதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, இப்படி எழுதிக்கொடுத்தேன்: '7 நாளா, 14 நாளா, எது நல்லது என்று மருத்துவர்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் அதையே உங்களுக்குக் கொடுப்பார்கள். தெரியாததால், உங்களுக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க மாட்டார். சீட்டுப் போட்டு எடுப்பது போலக் கணினி எடுக்கும். உங்கள் உடல்நிலையைப் பார்த்து அது எடுப்பதில்லை.' தலைப்பில் சமவாய்ப்பு இருக்கட்டும் என்றார்கள், சரி என்றேன். குலுக்கல் சீட்டாக மாறியதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. சீட்டு என்றால் சிலருக்கு வேறு ஞாபகமும் வரும். ஆனால் அந்தத் தாளைக் கேட்ட அடுத்த ஆறு பேரில் ஐந்து பேர், "அவங்களுக்கே தெரியாதாம்" என்றுதான் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசித் தாளோடு அந்த அம்மாவை மறுபடி பார்க்கப் போனேன். கணவருக்கு டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள், பையெல்லாம் கட்டி வைத்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "முடிவு எப்ப தெரியும்?" என்றார். மூன்று வருடமாவது ஆகும் என்றேன். "தெரிஞ்சதும் சொல்வீங்களா, சேர்ந்தவங்களுக்கு?" தாளில் அப்படி ஒரு வரி இல்லை. சிஸ்டரிடம் கேட்டேன். ஆய்விதழில் வெளியிடுவோம் என்றார், சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் பேசி, சண்டை போட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தார்கள்: 'ஆய்வின் முடிவை எனக்குத் தெரிவிக்கவும்: ஆம் / இல்லை. தொலைபேசி எண்.' 

ஆனால் அன்றைக்கே, அந்தக் கட்டம் வருவதற்கு முன்னாலேயே, என் கையிலிருந்த தாளின் ஓரத்தில் தன் நம்பரை எழுதச் சொன்னார் அவர். "இது சும்மா சாம்பிள் தாள்தாம்மா, நீங்க ஆய்விலயே இல்லையே" என்றேன். "இருக்கட்டும் தம்பி, எழுது" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதிக்கொண்டேன். நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.